வாசித்தது புரிய வேண்டும்: மொரிஷியஸ் இடைநிலைப் பள்ளியின் ஆங்கில வகுப்புக்கு எந்த வழி?

ஜனவரியில் பள்ளி திறப்பதற்குள் எங்கள் ஆங்கிலத் துறை ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். ஏழாம் கிரேடு முதல் ஒன்பதாம் கிரேடு வரையிலான வகுப்புகளில், வாரத்துக்கு ஓர் இரட்டைப் பீரியடை வாசிப்புப் புரிதலுக்கென்றே ஒதுக்கலாம் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. பழைய வினாத்தாள்களில் உள்ள பத்திகளைக் கொடுத்துப் பயிற்சி செய்யலாம் என்கிறார் ஒருவர். வாசிக்கும் உத்திகளைச் சொல்லித்தரலாம் என்கிறார் இன்னொருவர். சொல்வளத்தைப் பெருக்கினால் மற்றவை தானே வரும் என்பது மூன்றாமவரின் நம்பிக்கை. ஒரு முழுக் கதைப் புத்தகத்தை வகுப்போடு சேர்ந்து வாசிக்க வேண்டும் என்பது என் பக்கம். இந்த வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க எழுதிய குறிப்பு இது. பகலில் பள்ளியிலும் மாலையில் கோயில் வகுப்பிலுமாகப் பாடம் நடத்தும் நண்பர்கள் கேட்டுக்கொண்டதால் தமிழில் எழுதுகிறேன்.

நம் பிள்ளைகளின் மொழிநிலையை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டு ஆய்வு எதையும் அப்படியே எடுத்து இங்கே பொருத்திவிட முடியாது. 2022ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் சுமார் 90 விழுக்காட்டினர் வீட்டில் பேசுவது, பிரெஞ்சிலிருந்து பிறந்த பேச்சுமொழியான கிரியோல். ஆங்கிலம் வீட்டுமொழியாக உள்ளவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நாளிதழ் பெரும்பாலும் பிரெஞ்சில் வருகிறது. தமிழ் நமக்கு மூதாதையர் மொழியாக, பள்ளிப் பாடமாகவும் வழிபாட்டு மொழியாகவும் இருக்கிறது. ஆனால் ஒன்பதாம் கிரேடு முடிவில் 2021 முதல் நடந்துவரும் என்.சி.இ. (தேசியக் கல்விச் சான்றிதழ்) தேர்வும், அதன்பின் வரும் எஸ்.சி. (பள்ளிச் சான்றிதழ்), எச்.எஸ்.சி. (உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ்) தேர்வுகளும், மொழிப்பாடங்கள் நீங்கலாக, ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. ஆங்கிலப் பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாத பிள்ளை, அறிவியல் தாளிலும் பொருளியல் தாளிலும் வினா என்ன கேட்கிறது என்று தெரியாமலே உட்கார்ந்திருக்கும். ஆகவே இது ஆங்கில ஆசிரியர்களின் துறைக்குள் அடங்கிவிடும் பிரச்சினை இல்லை.

இரண்டு வகைப் பிள்ளைகள்

கடந்த ஆண்டு எட்டாம் கிரேடில் இரண்டு மாணவர்களைத் தனித்தனியே அழைத்து, ஒரே பத்தியை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். முதலாவது பையன் ஒவ்வொரு வரியிலும் இரண்டு மூன்று இடங்களில் நின்றான். 'சேஞ்ச்' என்ற சொல்லைப் பிரெஞ்சு முறையில் 'ஷாஞ்ஜ்' என்று ஒலித்து, தவறு என்று அவனுக்கே தோன்றி, மறுபடி முயன்றான். பத்தியின் முடிவுக்கு வந்தபோது தொடக்கம் அவனுக்கு மறந்து போயிருந்தது. இரண்டாவது பிள்ளை மணிமணியாகப் படித்தாள். ஓரிடத்திலும் தடுக்கவில்லை. படித்து முடித்ததும், இதில் யார் யாரிடம் கோபப்பட்டார்கள் என்று கேட்டேன். மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பதில் வரவில்லை.

இந்த இரண்டாவது பிள்ளையைப் புரிந்துகொள்ள நமக்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. தைப்பூசக் காவடி நாட்களில், ரோமன் எழுத்தில் அச்சிட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு நம் இளைஞர்கள் தேவாரம் பாடுவதைக் கேட்டிருக்கிறோம். பண் சரியாக இருக்கும், உச்சரிப்பும் பெரும்பாலும் சரியாக இருக்கும். அந்த அடியின் பொருள் என்ன என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. வழிபாட்டுக்கு அந்தப் பாட்டு போதும், அதில் நான் குறை காணவில்லை. ஆனால் எழுத்தை ஒலியாக்குவதும் ஒலியைப் பொருளாக்குவதும் வெவ்வேறு திறன்கள் என்பதை நம் கோயில் முற்றத்திலேயே பார்த்துவிடலாம். ஃபிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் இதையே ஒரு பெருக்கல் கணக்காக எழுதினார்கள்: வாசிப்புப் புரிதல் என்பது சொல்லை இனங்காணும் திறனையும் அம்மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது. பெருக்கலில் ஒரு பக்கம் சுழியானால் விடையும் சுழி.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் இரண்டு வாரங்களில் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு நிமிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை. 34 பேர் உள்ள வகுப்பில் இது அலுப்பான வேலைதான். ஆனாலும் முதலாவது பையனைப் போன்றவர்களுக்கு, நான் கீழே ஒப்பிடும் எந்த வழியும் முதல் மருந்தாகாது. எழுத்துக்கும் ஒலிக்குமான தொடர்பை அவர்களுக்குச் சிறு குழுவாக வைத்துத் தனியே சொல்லித்தர வேண்டும். தொடக்கப் பள்ளி முடிவுத் தேர்வில் தேறாத பிள்ளைகளுக்கென, ஒன்பதாண்டுக் கல்விச் சீர்திருத்தத்தில் கொண்டுவரப்பட்ட நான்காண்டு நீட்டிப்புத் திட்ட வகுப்புகளில் பாடம் நடத்தியவர்கள் இதை என்னைவிட நன்றாக அறிவார்கள்.

பழைய வினாத்தாள்

இந்த வழியின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. தாள் கைவசம் இருக்கிறது, திருத்துவது எளிது, பெற்றோருக்கும் காட்டலாம். நானே பல ஆண்டுகள் இதைத்தான் செய்தேன், செய்ததற்கு வருந்துகிறேன். டோலோரெஸ் டர்க்கின் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களின் இறுதியில் நான்காம் வகுப்பு வாசிப்புப் பாடங்களை 4,469 நிமிடங்கள் உட்கார்ந்து கவனித்தார். எப்படிப் புரிந்துகொள்வது என்று ஆசிரியர்கள் சொல்லித்தந்த நேரம் அதில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தது. மற்ற நேரமெல்லாம் கேள்வி கேட்பதிலும் விடை சரிபார்ப்பதிலும் போயிற்று. சோதிப்பது வேறு, சொல்லித்தருவது வேறு. நாம் சோதனையையே பாடம் என்று எண்ணிவிடுகிறோம். தேர்வின் அமைப்பு பழகுவதற்காக ஒன்பதாம் கிரேடின் மூன்றாம் பருவத்தில் சில வாரங்கள் இதற்குக் கொடுத்தால் போதும். பள்ளிக்குப் பிறகு டியூஷனில் பிள்ளைகள் இதைத்தானே செய்கிறார்கள்?

உத்திகளைச் சொல்லித்தருவது

உத்திகள் என்று எங்கள் சக ஆசிரியர் சொல்வது, பெரும்பாலும் ஆன்மேரி பலின்சார், ஆன் பிரவுன் இருவரும் 1984இல் வெளியிட்ட முறையைத் தழுவியது. நான்கு பேர் கொண்ட குழுவில் ஒரு பத்தியைப் படிக்கிறார்கள்; ஒரு மாணவர் ஆசிரியரின் இடத்தில் அமர்ந்து, அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கவும், பத்தியைப் பற்றிக் கேள்வி எழுப்பவும், புரியாத இடத்தைத் தெளிவாக்கவும், சாரத்தைச் சொல்லவும் மற்றவர்களை வழிநடத்துகிறார்; அடுத்த பத்திக்கு அந்தப் பொறுப்பு இன்னொருவருக்குப் போகிறது. அவர்கள் இதைச் சோதித்தது ஏழாம் வகுப்பு மாணவர்களிடம், அதிலும் சரளமாகப் படித்தும் பொருள் பிடிபடாதவர்களிடம். நான் மேலே சொன்ன இரண்டாவது பிள்ளை அந்த வகையைச் சேர்ந்தவள்தான்.

பலன் எவ்வளவு? 1994இல் பராக் ரோசன்ஷைன், கார்லா மைஸ்டர் இருவரும் இதைப் பற்றிய 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆய்வாளர்களே தயாரித்த சோதனைகளில் விளைவின் அளவு (பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட எவ்வளவு முன்னே நிற்கிறார்கள் என்று காட்டும் எண்) 0.88 ஆகவும், பொதுவான தரப்படுத்தப்பட்ட சோதனைகளில் 0.32 ஆகவும் இருந்தது. இந்த இடைவெளியை நாம் கவனிக்க வேண்டும். பயிற்சி தந்த முறையிலேயே சோதித்தால் பெரிய முன்னேற்றம் தெரிகிறது. வெளியிலிருந்து வரும் தாளில், அதாவது நம் பிள்ளைகள் எழுதப்போகும் வகைத் தாளில், பலன் உண்டு என்றாலும் சிறியது. வகுப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டக் கூட்டப் பலனும் கூடியதாக அந்தத் தொகுப்பு காட்டவில்லை. புரியாதபோது நின்று திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஒரு பழக்கத்தை இந்த முறை தருகிறது என்றும், அந்தப் பழக்கம் வந்தபின் அதையே வாரந்தோறும் பயிற்றுவதில் பெரிய பயன் இல்லை என்றும் நான் இதைப் பொருள்கொள்கிறேன். ஆறு வாரங்கள் போதும் என்பது என் மதிப்பீடு. வேறொரு பள்ளியில் இதை மூன்று பருவமும் நடத்தியதைப் பார்த்தேன்: 'அடுத்து என்ன நடக்கும்?' என்ற கட்டத்தை, பத்தி முழுவதையும் படித்து முடித்துவிட்டு, சரியான விடையாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். சடங்கு மட்டும் மிஞ்சியிருந்தது.

சொல்வளம்: எந்தச் சொற்கள்?

சொல் தெரியாமல் புரிதல் இல்லை என்பதை யாரும் மறுக்க முடியாது. ஒரு பத்தியைத் துணையின்றிப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடாவது தெரிந்திருக்க வேண்டும் என்று பால் நேஷன் போன்ற ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். நாவலையும் நாளிதழையும் அப்படிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவை என்பது 2006இல் அவர் தந்த கணக்கு. வாரத்துக்கு ஐந்து சொல் என்று பட்டியல் போட்டு, ஆண்டுக்கு 35 வாரம் விடாமல் நடத்தினால், மூன்றாண்டில் 525 சொற்கள் வருகின்றன. அத்தனையும் நினைவில் நின்றாலும் தொலைவு அப்படியே இருக்கிறது. பட்டியல் வழி மட்டும் போதாது என்பதற்கு இந்தக் கணக்கே போதுமானது.

ஆனால் எண்ணிக்கையைவிட எந்தச் சொல் என்ற கேள்விதான் நம் தீவில் முக்கியம் என்று நினைக்கிறேன். இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன் ஆகியோர் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள்: அன்றாடப் பேச்சில் வருபவை, பல பாடங்களிலும் எழுத்துநடையில் வருபவை, ஒரு துறைக்கே உரியவை. பள்ளி கவனம் செலுத்த வேண்டியது நடு அடுக்கில் என்றார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அது சரி. நம் பிள்ளைகளுக்கோ அந்த நடு அடுக்கில் பாதி வழியைப் பிரெஞ்சு கடத்திவிடுகிறது. 'கமென்ஸ்', 'அப்ஸர்வ்', 'லிபர்ட்டி' போன்ற நீளமான, எழுத்துநடைச் சொற்களைக் கண்டு அவர்கள் அஞ்சுவதில்லை. கண்ணால் பார்த்தவுடனே பொருள் ஓரளவு தெரிந்துவிடுகிறது. அவர்களைக் கவிழ்ப்பவை சின்னஞ்சிறு சொற்கள்.

ஒரு முறை பத்தியில் 'ஹார்ட்லி எனிபடி ஸ்போக்' என்று வந்தது. ஏறக்குறைய யாரும் பேசவில்லை என்பது பொருள். 'எல்லோரும் கடுமையாகப் பேசினார்கள், ஆகவே அங்கே சண்டை நடந்தது' என்று வகுப்பில் பலர் எழுதியிருந்தார்கள். 'ஹார்ட்' என்ற சொல் அவர்களுக்குத் தெரியும். 'லி' சேர்ந்ததும் அது எதிர்மறையாகிவிடும் என்பது தெரியாது. அந்த ஒரு சொல்லால் பத்தி முழுவதும் தலைகீழாகி, அடுத்த நான்கு கேள்விகளும் போயின. 'அன்லெஸ்', 'ஆல்தோ', 'யெட்' போன்ற இணைப்புச் சொற்களும், 'கிவ் இன்', 'டர்ன் டவுன்', 'புட் அப் வித்' போன்று இரண்டு மூன்று எளிய சொல் சேர்ந்து வேறு பொருள் தருபவையும் இப்படித்தான் கவிழ்க்கின்றன. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே தெரிந்திருப்பதால் பிள்ளை சந்தேகப்படுவதும் இல்லை, அகராதியைத் திறப்பதும் இல்லை.

இதோடு பிரெஞ்சு தரும் உதவியே சில இடங்களில் பொறியாகிறது. 'லைப்ரரி' என்றால் நூலகம். பிரெஞ்சில் 'லிப்ரேரி' என்றால் புத்தகக் கடை. 'ஈவென்ச்சுவலி' என்றால் இறுதியில். 'எவாந்துயெல்மான்' என்றால் நேர்ந்தால், ஒருவேளை. 'அவர்கள் ஈவென்ச்சுவலி கரை சேர்ந்தார்கள்' என்ற வாக்கியத்தைப் படித்துவிட்டு, அவர்கள் கரை சேர்ந்தார்களா இல்லையா என்று தெரியவில்லை என எழுதிய மாணவியை நான் எப்படிக் குறைசொல்வேன்? அவள் தனக்குத் தெரிந்த மொழியைக் கொண்டு ஒழுங்காகத்தான் யோசித்திருக்கிறாள். லண்டனிலோ நியூயார்க்கிலோ தொகுத்த சொற்பட்டியலில் இந்தச் சொற்கள் இருக்காது. சொல்வள வழியைத் துறை தேர்ந்தெடுக்குமானால், பட்டியலை நாமே நம் பிள்ளைகளின் தவறான விடைகளிலிருந்து தொகுக்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். வாங்கிவந்த பட்டியல் என்றால் எனக்குச் சம்மதம் இல்லை.

பின்புல அறிவு

துறைக் கூட்டத்தில் யாரும் முன்வைக்காத வழி இது. ஆனால் இதைத் தள்ளிவிட முடியாது. 1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேரிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வருணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பலவீனமானவர்கள் என்று கருதப்பட்டு, ஆனால் பேஸ்பால் நன்கு தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் வல்லவர்களாய் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நம் வகுப்பிலும் இதைக் காணலாம்: கால்பந்தைப் பற்றிய ஆங்கிலச் செய்தியைப் பிழையின்றி விளக்கும் பையன், கிரிக்கெட் பற்றிய பத்தியில் திணறுவான். தமிழ்நாட்டுப் பிள்ளையானால் இது நேர்மாறாக இருக்கும்.

இதை வகுப்பில் செய்வது இப்படி: ஒரே பொருளில் நான்கு பத்திகள், எளிதிலிருந்து கடினத்துக்கு. மொரிஷியஸ் கெஸ்ட்ரல் என்ற சிறு வல்லூறை எடுத்துக்கொள்ளுங்கள். 1974இல் காட்டில் அறியப்பட்டவை நான்கே நான்கு பறவைகள். காடு அழிந்ததும், மலேரியாவை ஒழிக்க டி.டி.டி. தெளித்ததும் அந்த நிலைக்குக் காரணங்களில் சேரும். கூண்டில் இனப்பெருக்கம் செய்து மீண்டும் காட்டில் விட்டதால் பின்னர் நூற்றுக்கணக்கில் பெருகின. முதல் பத்தியில் பறவையைப் பற்றி மட்டும், இரண்டாவதில் காட்டைப் பற்றி, மூன்றாவதில் பூச்சிமருந்தைப் பற்றி, நான்காவதில் அதை மீட்டவர்களின் வாதப் பிரதிவாதம். நான்காவதைத் தனியாகக் கொடுத்திருந்தால் வகுப்பே மௌனமாக இருந்திருக்கும். 2020 ஜூலை 25ஆம் தேதி பொயிந்த் தேஸ்னி அருகே பவளப்பாறையில் மோதி, பின்னர் கடலில் எண்ணெய் கசியவிட்ட வகாஷியோ கப்பலையும் இப்படி எடுக்கலாம். கரும்புத்தோகையைத் துணியில் திணித்து எண்ணெய்த் தடுப்பு செய்தவர்களில் சிலர் நம் மாணவர்களின் பெற்றோர்தான். அந்த வகுப்பில் பின்புல அறிவு ஆசிரியரைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாக இருக்கும்.

இதன் குறை, பத்திகளை நாமே தேடித் தொகுக்க வேண்டியிருப்பது. ஒரு தொகுப்புக்கு இரண்டு மூன்று மாலைப்பொழுது போய்விடும்.

முழுப் புத்தகம்

இனி என் பக்கம். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் தெற்கு இங்கிலாந்தின் 20 ஆங்கில ஆசிரியர்களோடு சேர்ந்து, 12, 13 வயது மாணவர்கள் 365 பேருக்கு ஒரு மாற்றம் செய்து பார்த்தார்கள். 12 வாரங்களில் இரண்டு கடினமான நாவல்களை, பத்தி பத்தியாக நிறுத்தி ஆராயாமல், வேகமாக வகுப்பில் வாய்விட்டு வாசித்தார்கள். மாணவர்கள் சராசரியாக எட்டரை மாத முன்னேற்றம் கண்டார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் கண்ட முன்னேற்றம் 16 மாதம். இது ஆங்கிலம் பேசும் நாட்டில் கிடைத்த பலன் என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்கு விடை கரும்பையும் ஒப்பந்தக் கூலிக் கப்பல்களையும் நம்மைப் போலவே வரலாறாகக் கொண்ட ஃபிஜித் தீவிலிருந்து வருகிறது. வார்விக் எல்லி, ஃபிரான்சிஸ் மங்குபாய் இருவரும் அங்கே கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் பிள்ளைகளின் வகுப்புகளுக்கு, 250 கதைப்புத்தகங்களை அனுப்பி, தினமும் வாசிக்க வைத்தார்கள். 1983இல் அவர்கள் வெளியிட்ட முடிவுப்படி, அந்தப் பிள்ளைகள் வாசிப்பில் வழக்கமான வேகத்தைப் போல் இருமடங்கு முன்னேறினார்கள். வயது வேறு என்பதை மறக்கக் கூடாது. ஆயினும் மொழிநிலை நம்முடையதற்கு மிக அருகில் இருக்கிறது.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு எனக்குப் பட்ட காரணம் ஒன்று. எந்தக் கதையிலும் மிகக் கடினமான பக்கம் முதல் பக்கம்தான். யார் இவர்கள், எங்கே இருக்கிறார்கள், எந்தக் காலம் என்று ஒன்றும் தெரியாமல் உள்ளே நுழைய வேண்டியிருக்கிறது. வாரம் ஒரு பத்தி என்று கொடுக்கும்போது நாம் பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதும் முதல் பக்கங்களையே கொடுக்கிறோம். புத்தகத்தில் மூன்றாம் அத்தியாயத்துக்குமேல் ஆட்கள் பழகிவிடுகிறார்கள், இடம் பழகிவிடுகிறது, அந்த எழுத்தாளரின் வாக்கியப்போக்குகூடப் பழகிவிடுகிறது. மீதமுள்ள கவனம் மொழிக்குப் போகிறது. 'ஹார்ட்லி' என்ற சொல் ஒரே கதையில் பத்துப் பதினைந்து முறை, ஒவ்வொரு முறையும் வேறொரு சூழலில் வருகிறது. பட்டியலில் அது ஒரே முறைதான் வரும்.

சென்ற ஆண்டின் இரண்டாம் பருவத்தில், கப்பலில் ஒளிந்துகொண்டு வரும் ஒரு சிறுவனின் கதையை எட்டாம் கிரேடில் இப்படி வாசித்தோம். இரண்டு பேருக்கு ஒரு புத்தகம். நான் வாசிக்க, அவர்கள் அடிக்கோலை வரியின் கீழ் நகர்த்திக்கொண்டே வந்தார்கள். ஓர் அத்தியாயத்தில் கப்பல் தலைவன் அந்தச் சிறுவனிடம், அடுத்த துறைமுகத்தில் உன்னை வீட்டுக்கு அனுப்புவேன் என்று மிகக் கனிவாகச் சொல்கிறான். நான் பக்கத்தைத் திருப்பும்போது, அதுவரை வகுப்பில் வாய் திறந்தறியாத ஒரு பையன் கடைசி வரிசையிலிருந்து, 'லி பே கோஸ் மாந்தி!' என்று உரக்கச் சொன்னான். அவன் பொய் சொல்கிறான் என்று பொருள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். இரண்டு அத்தியாயம் முன்பு அதே தலைவன் இன்னொருவனிடமும் இதே கனிவோடு பேசியதைக் காட்டினான். எழுத்தில் நேரடியாக இல்லாததை முன்பின் இணைத்து ஊகித்தறிவதுதான் தேர்வுத்தாளில் அதிக மதிப்பெண் உள்ள கேள்வி. அதே பையன் முந்தைய பருவத்தில் அத்தகைய கேள்விகளுக்கு இடத்தை வெறுமையாக விட்டிருந்தான்.

எந்த மொழியில் பேசுவது?

அவன் அதைக் கிரியோலில் சொன்னான் என்பது துறைக்குள் இன்னொரு விவாதத்தைக் கிளப்பியது. தேர்வு ஆங்கிலத்தில் நடக்கும்போது பேச்சும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டாமா என்று கேட்கிறார்கள். 2012 முதல் தொடக்கப் பள்ளியில் கிரியோல் ஒரு பாடமாகவே இருந்துவருகிறது. இருந்தும் இடைநிலைப் பள்ளி ஆங்கில வகுப்பில் அது தலைகாட்டினால் நமக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒரு மொழியில் வளர்ந்த சிந்தனைத்திறன் இன்னொரு மொழிக்கும் கைகொடுக்கும் என்று ஜிம் கமின்ஸ் 1979இலேயே வாதிட்டார். ஊகிக்கத் தெரிந்த பையனை ஆங்கிலத்தில் சொல் என்று நிறுத்தியிருந்தால், அவனுக்கு ஊகிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாமல் போயிருக்கும்.

ஆனால் இதற்கு எல்லை வேண்டும். வரிக்கு வரி கிரியோலில் பெயர்த்துச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டால் பிள்ளைகள் ஆங்கிலத்தைக் காதில் வாங்குவதையே நிறுத்திவிடுவார்கள். ஆசிரியர் எப்படியும் சொல்லிவிடுவார் என்று காத்திருப்பார்கள். நம் உரைமரபில் பதவுரை, பொழிப்புரை, விளக்கவுரை என்று மூன்று உண்டல்லவா? பதவுரையை ஆசிரியர் செய்யக் கூடாது. கதை எப்போதும் ஆங்கிலத்திலேயே ஒலிக்க வேண்டும். விளக்கமும் வாதமும் எந்த மொழியில் வந்தாலும் வரட்டும். பொழிப்பை மட்டும், வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில், ஒவ்வொருவரும் இரண்டே வாக்கியமாக ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நான் கடைப்பிடித்த ஏற்பாடு இதுதான்.

நான் முன்வைக்கும் தேர்வு

ஓர் இரட்டைப் பீரியடுக்கு ஒரே வழிதான் என்று நிர்பந்தித்தால், முழுப் புத்தகத்தையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் நம் பள்ளியாண்டின் போக்கு எனக்கு வேறொன்றையும் சொல்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை புயல் அதிகம் வரும் காலம். எச்சரிக்கை வந்தால் பள்ளி மூடிவிடும், காவடி விடுமுறையும் சீனப் புத்தாண்டு விடுமுறையும் வாரத்தைத் துண்டாக்கும். இடைவெளி விழுந்தால் நாவல் செத்துவிடும். பத்து நாள் கழித்து வந்து, யார் அந்தத் தலைவன் என்று கேட்பார்கள். ஆகவே முதல் பருவத்தில் ஒரே பொருள் பற்றிய பத்தித் தொகுப்புகளை வைத்துக்கொண்டு, உத்திகளை அந்தப் பத்திகளின் மேலேயே ஆறு வாரம் பயிற்றலாம். ஒரு வாரம் போனாலும் சேதம் சிறிது. இரண்டாம் பருவம் குளிர்காலம், தடையில்லாதது. புத்தகத்துக்கு உரிய காலம் அதுவே. இங்கிலாந்தில் இரண்டு நாவல் வாசித்த நேரத்தில் நாம் ஒரு குறுநாவலை முடித்தாலே நல்லது. மூன்றாம் பருவத்தில் ஒன்பதாம் கிரேடு தேர்வுக்குத் திரும்பட்டும். ஏழும் எட்டும் இரண்டாவது புத்தகத்துக்குப் போகட்டும். சின்னச் சொற்களுக்கென்று சுவரில் ஒரு தாள் ஆண்டு முழுவதும் இருக்கும். புத்தகத்தில் யாரையாவது கவிழ்த்த சொல் மட்டுமே அதில் ஏறும்.

தடை இரண்டு. புத்தகத்துக்குப் பணம் வேண்டும். ஒரு வகுப்புக்கு 17 படி வாங்கி மூன்று வகுப்புகள் மாறிமாறிப் பயன்படுத்தினால் செலவு தாங்கக்கூடியதுதான். இரண்டாவது தடை பெற்றோர். பாடம் நடத்தாமல் கதை படிக்கிறார்களாம் என்ற பேச்சு வரும், சென்ற ஆண்டும் வந்தது. அப்படிச் சொன்ன ஒரு தந்தையை வகுப்புக்கு அழைத்து, ஒரு பீரியட் பின்வரிசையில் உட்காரச் சொன்னேன். மகனுக்குப் பக்கத்தில் அமர்ந்து அவரும் வரியைப் பின்தொடர்ந்தார். மணி அடித்ததும், அடுத்த அத்தியாயத்தில் அந்தப் பையனைக் கண்டுபிடித்துவிடுவார்களா என்று என்னிடம் கிரியோலில் கேட்டார்.

துறை முழுவதும் ஒப்பாவிட்டால், எட்டாம் கிரேடின் ஒரு பிரிவில் மட்டுமாவது இதை நடத்த அனுமதி கேட்கிறேன். முதல் பருவத் தொடக்கத்திலும் இரண்டாம் பருவ முடிவிலும், வகுப்பில் பார்த்திராத ஒரே அளவான பத்தியை எல்லாப் பிரிவுகளுக்கும் கொடுப்போம். வேறு பிரிவின் ஆசிரியர் திருத்தட்டும். ஊகித்தறியும் கேள்விகளில் எத்தனை பேர் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் முதலில் எண்ணிப் பார்ப்போம்.